மின்னஞ்சல் வழங்கிக்கு எந்த ஸ்பேம் வடிகட்டி: ஸ்பேம்அசாசின், ஆர்ஸ்பேம்டி, வெளிச்சேவை

சொந்தமாக மின்னஞ்சல் வழங்கி நடத்துபவர்கள் ஸ்பேம் தொல்லை பொறுக்க முடியாமல் வடிகட்டி தேடும்போது, எந்த மென்பொருள் சிறந்தது என்ற கேள்வியோடுதான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். அந்தக் கேள்விக்கு இக்கட்டுரை நேராகவே விடை சொல்லும். ஆனால் அதற்கு முன்பு தீர்மானிக்க வேண்டிய ஒன்று உண்டு: வேண்டாத அஞ்சலை வழங்கி எந்தக் கட்டத்தில் மறுக்கப் போகிறது, மறுத்த செய்தி அனுப்பியவருக்குப் போய்ச் சேருமா என்பது. ஸ்பேம் ஒன்று உள்ளே நுழைந்துவிட்டால் படிப்பவர் அதை ஒரு நொடியில் அழித்துவிடுவார். ஒரு நேர்காணல் அழைப்போ மருத்துவ அறிக்கையோ எவருக்கும் தெரியாமல் காணாமல் போனால் அதை ஈடுசெய்ய வழியில்லை. இந்த இரண்டு பிழைகளுக்கும் ஒரே எடை இல்லை என்பதை ஏற்றுக்கொண்டால், கீழே வரும் தெரிவுகளில் பாதி தாமாகவே முடிவாகிவிடும்.

நான் மனத்தில் வைத்திருப்பது சில பத்து முதல் சில நூறு அஞ்சல்பெட்டிகள் கொண்ட ஒரு வழங்கி. அஞ்சலைப் பெறுவதற்குப் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டிகளில் சேர்ப்பதற்கு டவ்காட், பார்த்துக்கொள்ள ஒரே ஒரு நிர்வாகி. அவருக்கும் வேறு வேலைகள் உண்டு. போஸ்ட்ஃபிக்ஸுக்குப் பதிலாக எக்ஸிம் பயன்படுத்துவோருக்கு அமைப்புக் கோப்புகள் மாறுமே தவிர, வாதம் பெரிதாக மாறாது.

மறுப்பு எந்த இடத்தில் நிகழ வேண்டும்

வழங்கிகள் ஒன்றுக்கொன்று அஞ்சலைக் கடத்தும் எஸ்எம்டிபி நெறிமுறையில் ஓர் அஞ்சல் வந்து சேரும் வரிசையை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். அனுப்பும் வழங்கி 25ஆம் போர்ட்டில் இணைந்து, தன் பெயரைச் சொல்லி, அனுப்புநர் முகவரியையும் பெறுநர் முகவரியையும் கொடுத்து, பிறகு உள்ளடக்கம் முழுவதையும் அனுப்பி, ஒற்றைப் புள்ளி மட்டுமே உள்ள வரியால் முடிக்கிறது. அந்தப் புள்ளிக்கு நம் வழங்கி 250, அதாவது ஏற்றுக்கொண்டேன், என்று பதில் சொன்ன கணத்தில் அஞ்சலின் பொறுப்பு நம்மிடம் வந்துவிடுகிறது. 2008இல் வெளியான எஸ்எம்டிபி தர ஆவணமான ஆர்எஃப்சி 5321 இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது. அதற்கு முன் எந்தக் கட்டத்திலும் 5இல் தொடங்கும் எண்ணால் முற்றாக மறுக்கலாம், அல்லது 4இல் தொடங்கும் எண்ணால் பிறகு வரும்படி சொல்லலாம். அவ்வாறு மறுக்கும்போது, அனுப்பும் வழங்கியே தன் பயனருக்கு அஞ்சல் போய்ச் சேரவில்லை என்று அறிவித்துவிடும். நம் வடிகட்டி தவறாகத் தீர்ப்பளித்திருந்தாலும், அனுப்பியவர் அதை அறிந்து தொலைபேசியில் அழைக்கவோ வேறு வழியில் அனுப்பவோ முடியும்.

250 சொன்ன பிறகு ஸ்பேம் என்று கண்டுபிடித்தால் நிலைமை வேறு. அப்போது திருப்பி அனுப்பினால், ஸ்பேமில் இருக்கும் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் போலியானது என்பதால், சம்பந்தமே இல்லாத ஒருவரின் பெட்டியில் நம்முடைய மறுப்புக் கடிதம் போய் விழும். அப்படிப் பிறர் மீது பின்தெறிப்பைக் கொட்டும் வழங்கியின் ஐபி முகவரி விரைவிலேயே தடைப்பட்டியலில் ஏறிவிடும். திருப்பி அனுப்பாமல் சத்தமின்றி அழித்தால், தவறாகப் பிடிபட்ட நல்ல அஞ்சலைப் பற்றி அனுப்பியவருக்கும் தெரியாது, பெற வேண்டியவருக்கும் தெரியாது.

எனவே நேர்மையான வழிகள் இரண்டே: இணைப்பு நடக்கும்போதே மறுப்பது, அல்லது ஏற்றுக்கொண்டு பயனரின் ஸ்பேம் உறையில் (ஃபோல்டரில்) போடுவது. மூன்றாவதாக, நிர்வாகி மட்டும் பார்க்கக்கூடிய தனிக்கிடங்கில் வைப்பது என்றொரு வழியைப் பல அமைப்புகள் தருகின்றன. ஒவ்வொரு நாளும் அதைத் திறந்து பார்க்க ஓர் ஆள் இருக்கும் நிறுவனத்தில் அது பயன்படலாம். ஒற்றை நிர்வாகி உள்ள இடத்தில் முதல் வாரம் பார்ப்பார், இரண்டாம் மாதம் மறந்துவிடுவார், அதன்பின் அந்தக் கிடங்கு சத்தமில்லாமல் அழிப்பதற்குச் சமமாகிவிடும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

உள்ளடக்கத்தைப் படிப்பதற்கு முன்பே

எந்த வடிகட்டியைத் தேர்ந்தெடுத்தாலும், அதன் முன்னால் நிற்க வேண்டிய காவல்கள் சில உண்டு. போஸ்ட்ஃபிக்ஸில் இதற்கென்றே போஸ்ட்ஸ்கிரீன் என்ற பகுதி இருக்கிறது. 2011இல் வந்த 2.8 பதிப்பிலிருந்து கிடைக்கிறது. அது செய்யும் மிக எளிய சோதனை, வரவேற்பு வரியை முழுமையாகச் சொல்லாமல் இயல்பாக 6 நொடி காத்திருப்பது. முறையான அஞ்சல் வழங்கி நாம் பேசி முடிக்கும்வரை பொறுத்திருக்கும். அவசரமாக ஆயிரக்கணக்கான முகவரிகளுக்கு அள்ளிவீசும் ஸ்பேம் நிரல்களில் பல, பதிலுக்குக் காத்திருக்காமல் முந்திக்கொண்டு பேசும். அவற்றை அங்கேயே மறுத்துவிடலாம். இதே பகுதியில் வரவேற்புக்குப் பிந்தைய ஆழமான சோதனைகளும் உள்ளன. அவற்றை இயக்கினால், தேறிய வழங்கியும் இணைப்பைத் துண்டித்து மறுபடி வர வேண்டியிருக்கும் என்பதால் நல்ல அஞ்சலும் தாமதமாகும். அவற்றை அணைத்து வைத்திருப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. பயனர்கள் அஞ்சல் அனுப்பும் 587, 465 போர்ட்டுகளின் முன்னால் போஸ்ட்ஸ்கிரீனை வைக்கவே கூடாது.

அடுத்தது, பெயருக்கு உரிய ஐபி முகவரியைத் தேடித்தரும் டிஎன்எஸ் வழித் தடைப்பட்டியல்கள். இணைய வரும் ஐபி முகவரியின் எண்களைத் தலைகீழாக்கி, பட்டியலின் பெயரோடு சேர்த்து டிஎன்எஸ்ஸில் வினவினால், பட்டியலில் இருந்தால் 127இல் தொடங்கும் விடை வரும், இல்லையென்றால் அப்படியொரு பெயரே இல்லை என்ற விடை வரும். இங்கே எடுக்க வேண்டிய முடிவு, ஒரு பட்டியல் சொன்னதும் மறுத்துவிடுவதா அல்லது பல பட்டியல்களின் சொல்லுக்கு மதிப்பெண் கொடுத்துக் கூட்டிப் பார்ப்பதா என்பது. நான் இரண்டாவதன் பக்கம். பட்டியல்கள் பிறர் நடத்துபவை. அவை விதியை மாற்றலாம், நின்றும் போகலாம். பல ஆண்டுகள் புகழ்பெற்றிருந்த சார்ப்ஸ் பட்டியல் 2024 ஜூனில் மூடப்பட்டது.

விடையின் எண்ணையும் கவனிக்க வேண்டும். ஸ்பேம்ஹவுஸ் பட்டியலைப் பொதுவான திறந்த டிஎன்எஸ் தீர்வி (வினவலுக்கு விடை தேடித்தரும் வழங்கி) வழியாக வினவினால், அது 127.255.255.254 என்ற பிழைக்குறியைத் தருகிறது. இதன் பொருள், இந்த வழியாக வினவ அனுமதி இல்லை என்பதுதானே தவிர அந்த ஐபி கெட்டது என்பதன்று. ஆனால் எந்த விடை வந்தாலும் மறுத்துவிடு என்று எழுதப்பட்ட அமைப்பு, அதைத் தடைப்பட்டியலில் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளும். நான் கவனித்துக்கொண்ட ஒரு வழங்கியில் யாரோ டிஎன்எஸ் தீர்வியை மாற்றியபோது இதுவே நடந்தது. உள்வரும் அஞ்சல் முழுவதும் மறுக்கப்பட்டது. இணைப்பின்போதே மறுத்திருந்ததால் அனுப்பியவர்கள் எல்லோருக்கும் தகவல் போயிருந்தது. அவர்கள் தொலைபேசியில் அழைத்ததால்தான் சில மணி நேரத்தில் தெரியவந்தது. அன்றிலிருந்து, வழங்கியிலேயே அன்பவுண்ட் போன்ற சொந்தத் தீர்வியை இயக்குவதையும், எந்த எண்கள் வந்தால் ஏற்பது என்று வெளிப்படையாக எழுதுவதையும் நான் விட்டதில்லை. ஆர்எஃப்சி 5782இன்படி ஐபிவி4 பட்டியல் ஒன்றில் 127.0.0.2 எப்போதும் இருக்க வேண்டும், 127.0.0.1 ஒருபோதும் இருக்கக் கூடாது. இந்த இரண்டையும் நாள்தோறும் தானாக வினவிப் பார்க்கும் சிறு நிரல் ஒன்று, பட்டியல் செத்துவிட்டதையோ எல்லோரையும் தடுக்கத் தொடங்கிவிட்டதையோ உடனே காட்டிக்கொடுக்கும்.

கிரேலிஸ்டிங் 2003இல் முன்வைக்கப்பட்ட உத்தி. அறியாத அனுப்புநரிடம் 4இல் தொடங்கும் எண்ணைச் சொல்லித் திருப்பி அனுப்பினால், முறையான வழங்கி சில நிமிடங்களில் மீண்டும் முயலும், ஸ்பேம் நிரல் பெரும்பாலும் முயலாது. அன்று அது அற்புதமாக வேலை செய்தது. இன்று அஞ்சல் என்பது உடனடியாக வர வேண்டிய ஒன்றாகிவிட்டது: உள்நுழைவுக்கான ஒருமுறைக் குறியீடு பத்து நிமிடம் கழித்து வந்தால் பயனில்லை. பெரிய சேவைகள் மறுமுயற்சியை வேறொரு ஐபியிலிருந்து செய்வதால், தாமதம் இன்னும் நீளவும் கூடும். எல்லா அறியாத அனுப்புநர்களுக்கும் கிரேலிஸ்டிங் வைக்கும் போஸ்ட்கிரே போன்ற முறையை நான் இனிப் பரிந்துரைப்பதில்லை. ஐயத்துக்குரிய மதிப்பெண் பெற்ற அஞ்சல்களை மட்டும் தாமதிப்பதே பொருத்தமானது. அதைச் செய்ய வேண்டுமென்றால் மதிப்பெண் போடும் நிரலும் கிரேலிஸ்டிங்கும் ஒன்றோடொன்று பேச வேண்டும். இது அடுத்த ஒப்பீட்டில் ஒரு முக்கியமான புள்ளி.

ஸ்பேம்அசாசினும் ஆர்ஸ்பேம்டியும்

ஸ்பேம்அசாசின் 2001இல் பிறந்தது, 2004இலிருந்து அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டமாக இருக்கிறது, பெர்ல் நிரல்மொழியில் எழுதப்பட்டது. அஞ்சலின் தலைவரிகளிலும் உடலிலும் நூற்றுக்கணக்கான விதிகளை ஓட்டி, பொருந்திய ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கூட்டிக் கழித்து, மொத்தம் 5.0ஐத் தொட்டால் ஸ்பேம் என்று குறிக்கிறது. அதன் பெரிய பலம் விதிகளின் எளிமை. குறிப்பிட்ட ஒரு மோசடி வாசகம் திரும்பத் திரும்ப வந்தால், உரைக்கோப்பில் மூன்று வரி எழுதினால் போதும்: எந்த வாசகம், என்ன விளக்கம், எத்தனை மதிப்பெண். இருபது ஆண்டுகளுக்கும் மேலான ஆவணங்களும் அனுபவமும் இதற்குப் பின்னால் உள்ளன. 2022 டிசம்பரில் வந்த 4.0 பதிப்பு யூனிகோடு உரையைக் கையாள்வதைக் கணிசமாகச் சீர்செய்தது. ஆங்கிலம் அல்லாத மொழிகளில் அஞ்சல் பரிமாறும் எந்த நிறுவனத்துக்கும் இது முக்கியம், இன்னும் 3.4 வரிசையில் இருப்பவர்கள் வேறு எதை யோசிப்பதற்கு முன்பும் 4.0க்கு மாறிவிட வேண்டும்.

ஆனால் ஸ்பேம்அசாசின் மதிப்பெண் மட்டுமே போடும். மறுப்பது, நகர்த்துவது, தாமதிப்பது, டிகிம் எனும் டொமைன் கையொப்பம் இடுவது எல்லாம் வேறு நிரல்களின் வேலை. ஆகவே மரபான அமைப்பில் ஸ்பேம்அசாசினைப் போஸ்ட்ஃபிக்ஸோடு இணைக்க அமாவிஸ், டிகிமுக்கு ஓப்பன்டிகிம், சோதனையில் தோற்ற அஞ்சலை என்ன செய்வது என்று டொமைன் உரிமையாளர் எழுதும் டிமார்க் கொள்கைக்கு ஓப்பன்டிமார்க், அனுப்பும் ஐபிக்கு அந்த டொமைனின் அனுமதி உண்டா என்று எஸ்பிஎஃப் வழியாகச் சரிபார்க்க ஒரு நிரல், கிரேலிஸ்டிங்குக்கு ஒரு நிரல் என ஐந்தாறு சேவைகள் சங்கிலியாக நிற்கும். ஓர் அஞ்சல் ஏன் வரவில்லை என்று தேடும்போது ஒவ்வொன்றின் பதிவையும் தனித்தனியாகப் படித்து, வரிசை எண்களைப் பொருத்தி, கதையை நாமே கட்ட வேண்டும். மேலும் அமாவிஸைப் பெரும்பாலோர் வரிசைக்குப் பின்னால் வைக்கிறார்கள். போஸ்ட்ஃபிக்ஸ் 250 சொல்லி அஞ்சலை வாங்கிக்கொண்டு, 10024ஆம் போர்ட்டில் அமாவிஸிடம் கொடுத்து, 10025இல் திரும்பப் பெறுகிறது. பொறுப்பு ஏற்றுக்கொண்ட பிறகுதான் சோதனை என்பதால், மேலே சொன்ன நேர்மையான வழிகளில் முதலாவது அடைபட்டுவிடுகிறது. ஸ்பேம்அசாசினை மில்டர் (அஞ்சலை ஏற்பதற்கு முன்பே போஸ்ட்ஃபிக்ஸ் வடிகட்டியைக் கேட்கும் வழி) வழியாக இணைத்து இணைப்பின்போதே மறுக்கவும் முடியும் என்பதைச் சொல்லாமல் விட்டால் அது நியாயமாகாது. கடைசிப் புள்ளிக்கான பதிலுக்கு அனுப்பும் வழங்கி 10 நிமிடம் வரை காத்திருக்க வேண்டும் என்று ஆர்எஃப்சி 5321 சொல்வதால், ஸ்பேம்அசாசின் எடுத்துக்கொள்ளும் சில நொடிகள் சிறிய வழங்கியில் தடையே இல்லை. ஆர்ஸ்பேம்டி வேகமானது என்ற பரவலான வாதம் உண்மைதான் என்றாலும், நூறு பெட்டிகள் உள்ள இடத்தில் முடிவைத் தீர்மானிக்க வேண்டியது வேகம் அன்று.

ஆர்ஸ்பேம்டியின் மையம் சி மொழியில் எழுதப்பட்டது, விதிகள் பெரும்பாலும் லுவா நிரல்மொழியில் உள்ளன. டிஎன்எஸ் வினவல்களை ஒன்றுக்காக ஒன்று காத்திராமல் ஒரே நேரத்தில் விடுக்கிறது. 11332ஆம் போர்ட்டில் மில்டராக நின்று போஸ்ட்ஃபிக்ஸோடு நேராகப் பேசுகிறது. எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க், ஆர்க் (முன்னனுப்பிய அஞ்சலின் முந்தைய சோதனை முடிவுகளுக்கான சான்று) சரிபார்ப்பு, வெளிச்செல்லும் அஞ்சலுக்கு டிகிம் கையொப்பம், கிரேலிஸ்டிங், வேகக் கட்டுப்பாடு, பழைய அஞ்சல்களிலிருந்து பழகும் பேய்ஸ் கற்றல் ஆகிய அனைத்தும் ஒரே நிரலுக்குள் இருக்கின்றன. ஓர் அஞ்சலுக்கு என்ன நடந்தது என்பது பதிவில் ஒரே வரியில் கிடைக்கிறது: எந்தக் குறிகள் பொருந்தின, ஒவ்வொன்றுக்கும் எத்தனை, மொத்தம் எத்தனை, எடுத்த நடவடிக்கை என்ன. ஒற்றை நிர்வாகிக்கு இந்த ஒரு வரியின் அருமை, அஞ்சல் வரவில்லை என்று பயனர் வந்து நிற்கும் நேரத்தில்தான் முழுமையாகப் புரியும்.

அதைவிட முக்கியமானது அதன் தீர்ப்பு முறை. ஸ்பேமா இல்லையா என்ற ஒற்றைக் கோட்டுக்குப் பதிலாக, இயல்பாகவே மூன்று படிகள் வைத்திருக்கிறது: 4 மதிப்பெண்ணில் கிரேலிஸ்டிங், 6இல் ஸ்பேம் என்ற தலைவரி சேர்த்து ஏற்பு, 15இல் மறுப்பு. கொஞ்சம் ஐயம் என்றால் தாமதி, நிறைய ஐயம் என்றால் ஸ்பேம் உறையில் போடு, உறுதி என்றால் முகத்துக்கு நேரே மறு. நான் தொடக்கத்தில் சொன்ன இரண்டு நேர்மையான வழிகளும் இந்த மூன்று எண்களுக்குள் அடங்கிவிடுகின்றன. இதே ஒழுங்கை ஸ்பேம்அசாசினைச் சுற்றியும் கட்டலாம், ஆனால் கட்ட வேண்டும்.

குறைகளும் உண்டு. சொந்த விதி எழுதுவது ஸ்பேம்அசாசினைப்போல எளிதன்று; நுட்பமாக ஏதாவது வேண்டுமென்றால் லுவா பழக வேண்டும். கற்றவற்றைச் சேமிக்க ரெடிஸ் என்ற நினைவகத் தரவுத்தளம் தேவை. அந்த ரெடிஸை வேறு பயன்பாட்டோடு பகிர்ந்துகொண்டு நினைவக வரம்பும் வைத்திருந்தால், இடம் போதாதபோது பேய்ஸ் தரவு ஓசையின்றி வெளியேற்றப்படலாம். கற்றலுக்கென்று தனி ரெடிஸ் வைப்பதே பாதுகாப்பு. இன்னொன்று, வலை இடைமுகத்தில் மாற்றிய மதிப்பெண்கள் தனிக்கோப்பில் சேமிக்கப்பட்டு, நாம் கையால் எழுதிய அமைப்பை மீறிவிடும். ஆறு மாதம் கழித்துக் கோப்பைத் திருத்தினால் ஏன் ஒன்றும் மாறவில்லை என்று குழம்ப நேரிடும். இடைமுகத்தைப் பார்ப்பதற்கு மட்டும் பயன்படுத்தி, மாற்றங்களைக் கோப்பில் மட்டும் செய்வது என்று முதல் நாளே உறுதி செய்துகொள்வது நல்லது.

ஏற்கெனவே ஸ்பேம்அசாசினில் பல ஆண்டுகளாக எழுதிச் சேர்த்த சொந்த விதிகள் உள்ளவர்கள், ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனி வரம்பு கொடுத்திருப்பவர்கள், அதிலேயே தங்குவதில் தவறில்லை. புதிதாகத் தொடங்குபவருக்கு என் விடை ஆர்ஸ்பேம்டி. ஆயத்தத் தொகுப்புகளில் மெயில்கௌவும் மெயில்லுவும் ஆர்ஸ்பேம்டியோடு வருகின்றன, ஐரெட்மெயில் அமாவிஸோடும் ஸ்பேம்அசாசினோடும் வருகிறது. தொகுப்பு எதைத் தருகிறதோ அதை மாற்ற முயல்வதைவிட, அதன் மறுப்பு எங்கே நிகழ்கிறது என்று பார்த்துச் சீர்செய்வதே மேல்.

எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் ஆகியவை ஸ்பேம் வடிகட்டிகள் அல்ல. அவை இந்த அஞ்சல் உண்மையிலேயே அந்த டொமைனிலிருந்து வந்ததா என்று மட்டுமே சொல்கின்றன. ஸ்பேம் அனுப்புபவரும் தனக்கென்று ஒரு டொமைன் வாங்கி, முறையாகக் கையொப்பமிட்டு அனுப்பலாம். அஞ்சலை முன்னனுப்பும்போது எஸ்பிஎஃப் முறிந்துவிடும், அஞ்சல் குழுக்கள் பொருள்வரியை மாற்றும்போது டிகிம் முறிந்துவிடும். எனவே எஸ்பிஎஃப் தோல்விக்காக மட்டும் ஓர் அஞ்சலை மறுப்பது அவசரம். டிமார்க் கொள்கையில் மறுக்கும்படி டொமைன் உரிமையாளரே எழுதிவைத்திருந்து, எஸ்பிஎஃப், டிகிம் இரண்டும் தோற்றால் மறுக்கலாம். நம் பயனர்கள் சேர்ந்திருக்கும் அஞ்சல் குழுக்களுக்கு மட்டும் விலக்கு வைக்க வேண்டும். இந்தச் சோதனைகளின் பெரிய பயன் வேறிடத்தில் இருக்கிறது: விலக்குப் பட்டியல். ஒரு வங்கியின் அஞ்சலை எப்போதும் ஏற்க விரும்பினால், அனுப்புநர் முகவரியைப் பார்த்து விலக்கு கொடுத்தால் அந்த முகவரியைப் போலியாக இட்டவர்கள் எல்லோருக்கும் கதவு திறந்துவிடும். அந்த டொமைனின் டிகிம் கையொப்பம் செல்லுபடியானால் மட்டும் விலக்கு என்று எழுத வேண்டும். இரண்டு மென்பொருள்களிலும் இதற்கு வழி உண்டு.

கற்பித்தல்

இரண்டு மென்பொருள்களிலும் பேய்ஸ் முறை இருக்கிறது. சொற்கள் நல்ல அஞ்சலிலும் ஸ்பேமிலும் எவ்வளவு அடிக்கடி வருகின்றன என்று எண்ணிவைத்து, புதிய அஞ்சலின் நிகழ்தகவைக் கணிக்கும். ஸ்பேம்அசாசின் 200 நல்ல அஞ்சல்களும் 200 ஸ்பேமும் கற்கும்வரை இந்தக் கணிப்பைப் பயன்படுத்தாது. ஆர்ஸ்பேம்டியின் இயல்பு அமைப்பும் இதே 200 என்ற எண்ணையே வைத்திருக்கிறது. பலர் ஸ்பேமை மட்டும் ஆயிரக்கணக்கில் ஊட்டிவிட்டு, நல்ல அஞ்சலைக் கற்பிக்க மறந்து, பேய்ஸ் வேலை செய்யவில்லை என்று குறைப்படுகிறார்கள். பிற மொழி அஞ்சல்களில் பேய்ஸ்தான் உயிர்நாடி. ஆயத்த விதிகளில் பெரும்பகுதி ஆங்கில வாசகங்களைக் குறிவைத்தவை, நம் மொழியின் ஸ்பேமை அடையாளம் காணக் கற்றுக்கொடுக்க வேண்டியவர்கள் நாமே.

ஒவ்வொரு பயனருக்கும் தனிக் கற்றல் வைப்பதா, எல்லோருக்கும் பொதுவாக ஒன்றா என்பது அடுத்த தெரிவு. தனிக் கற்றல் கேட்பதற்கு இனிமையானது. ஆனால் பெரும்பாலான பயனர்கள் 200ஐ எட்டவே மாட்டார்கள் என்பதால், சில நூறு பெட்டிகள் உள்ள இடத்தில் பொதுக் கற்றலே பலன் தரும். டவ்காட்டின் ஐமேப்சீவ் வசதியைக் கொண்டு, பயனர் ஓர் அஞ்சலை ஸ்பேம் உறைக்கு நகர்த்தினால் ஸ்பேம் என்றும், அங்கிருந்து வெளியே எடுத்தால் நல்லது என்றும் தானாகக் கற்கச் செய்யலாம். இதில் ஒரு கண்ணியைத் தவறாமல் அடைக்க வேண்டும்: ஸ்பேம் உறையிலிருந்து குப்பைத்தொட்டிக்கு நகர்த்துவதை நல்ல அஞ்சல் என்று கற்கக் கூடாது. இந்த விலக்கை எழுதாத வழங்கிகளில், பயனர்கள் ஸ்பேமை ஒழுங்காக அழிக்க அழிக்க வடிகட்டி கெட்டுக்கொண்டே போகும்.

வெளிச்சேவை

டொமைனின் எம்எக்ஸ் பதிவை (அதன் அஞ்சலைப் பெறும் வழங்கி எது என்று சொல்லும் டிஎன்எஸ் பதிவை) ஒரு வடிகட்டல் சேவைக்குத் திருப்பிவிட்டு, அது சலித்துக் கொடுப்பதை மட்டும் நம் வழங்கி வாங்கிக்கொள்வது மூன்றாவது வழி. பல்லாயிரம் டொமைன்களின் அஞ்சலை ஒரே இடத்தில் பார்ப்பதால், புதிதாகக் கிளம்பிய ஸ்பேம் அலையை அது நம்மைவிட முன்பே கண்டுகொள்ளும். இந்தச் சாதகத்தை எந்த உள்ளூர் மென்பொருளாலும் முழுமையாக ஈடுசெய்ய முடியாது. வடிகட்டியைக் கவனிக்க வாரத்துக்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்க இயலாத நிர்வாகிக்கு இதுவே பொருத்தம் என்று தயக்கமின்றிச் சொல்வேன். கவனிக்கப்படாத சொந்த வடிகட்டி, கவனிக்கப்படும் பிறர் வடிகட்டியைவிட ஆபத்தானது.

ஆனால் எல்லா அஞ்சலும் மூன்றாமவரின் கணினியில் திறந்த நிலையில் படிக்கப்படுகிறது என்பதை மறக்கக் கூடாது. அந்தரங்கத்துக்காகவே சொந்த வழங்கி வைத்தவர்களுக்கு இது அடிப்படையையே கேள்விக்குள்ளாக்கும். தொழில்நுட்பமாகவும் மூன்று இடங்களில் தவறு நேர்கிறது. எம்எக்ஸை மாற்றிய பிறகு நம் வழங்கியின் 25ஆம் போர்ட்டைச் சேவையின் ஐபி முகவரிகளுக்கு மட்டும் திறந்து வைக்காவிட்டால், ஸ்பேம் அனுப்புபவர்கள் எம்எக்ஸைப் பார்க்காமல் பழைய முகவரிக்கே நேராக வருவார்கள். நம் பக்கத்தில் எஸ்பிஎஃப் சோதனையைத் தொடர்ந்தால், எல்லா அஞ்சலும் சேவையின் ஐபியிலிருந்து வருவதாகத் தெரிந்து நல்லவையும் தோற்கும். எந்தப் பெறுநர் முகவரிகள் உண்மையானவை என்று சேவைக்குத் தெரிவிக்காவிட்டால், இல்லாத முகவரிக்கு வந்ததை அது ஏற்றுக்கொள்ளும், நாம் மறுப்போம், அது போலி அனுப்புநருக்குத் திருப்பி அனுப்பும். பின்தெறிப்பு வேறு வாசல் வழியாக வந்துவிடும். அது பிடித்தவற்றைத் தன் கிடங்கில் வைப்பதாக இருந்தால், பட்டியல் நிர்வாகிக்கு மட்டும் போகாமல் பயனர்களுக்கே நாள்தோறும் போகுமா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்க வேண்டும்.

முதல் மாதம்

ஆர்ஸ்பேம்டியைத் தேர்ந்தெடுத்தவர் முதல் நாளே 15இல் மறுப்பை இயக்க வேண்டாம். மறுப்பை எட்ட முடியாத உயரத்தில் வைத்து, 6க்கு மேற்பட்டவை அனைத்தையும் சீவ் விதியால் (டவ்காட்டில் அஞ்சலை உறைகளுக்குப் பிரிக்கும் விதியால்) ஸ்பேம் உறைக்கு அனுப்புங்கள். கிரேலிஸ்டிங் 4லேயே இருக்கலாம். முதலில் ஜிடியூப் எனப்படும், வடிகட்டிகள் ஸ்பேம் என்றே கொள்ளும் சோதனைச் சரத்தை வெளியிலிருந்து அனுப்பி, அஞ்சல் வடிகட்டி வழியாகத்தான் போகிறது என்பதை உறுதிசெய்யுங்கள். மில்டர் செயலிழந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் அஞ்சலைச் சோதிக்காமல் ஏற்பதா, தற்காலிகமாக மறுப்பதா என்பதையும் அன்றே தீர்மானியுங்கள். தற்காலிக மறுப்பே மேல். சில மணி நேரம் தாமதமாகும், எதுவும் தொலையாது. ஆர்எஃப்சி 2142 குறிப்பிடும் போஸ்ட்மாஸ்டர், அபியூஸ் முகவரிகளுக்கு வரும் அஞ்சலை மறுப்பிலிருந்து விலக்கிவையுங்கள். தவறாக மறுக்கப்பட்டவர் முறையிட ஒரு வாசல் திறந்திருக்க வேண்டும்.

முதல் இரண்டு வாரம் பார்க்க வேண்டியது, 6க்கும் 10க்கும் இடையில் மதிப்பெண் பெற்று ஸ்பேம் உறைக்குப் போனவற்றில் பயனர்கள் வெளியே எடுத்தவை எவை என்பதை. ஒவ்வொன்றிலும் எந்தக் குறி அதிக மதிப்பெண் கூட்டியது என்று பதிவிலிருந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரே குறி திரும்பத் திரும்ப வந்தால் அதன் மதிப்பெண்ணைப் பாதியாக்குங்கள். மொத்த வரம்பை உயர்த்த வேண்டாம். அதே நேரத்தில் வெளிச்செல்லும் அஞ்சலுக்கு ஒவ்வொரு பயனருக்கும் மணிக்கு இத்தனை என்று ஒரு வரம்பு வையுங்கள், ஏனெனில் ஒரு பயனரின் கடவுச்சொல் திருடப்பட்டால் ஸ்பேம் அனுப்புவது நம் வழங்கியே. மூன்றாம் வாரம், 15ஐத் தாண்டிய அஞ்சல்களின் அனுப்புநரும் பொருள்வரியும் அடங்கிய பட்டியலை முழுமையாக ஒருமுறை படியுங்கள். அதில் ஒரே ஒரு நல்ல அஞ்சல் இருந்தாலும் காரணத்தைக் கண்டு சரிசெய்து, இன்னும் ஒரு வாரம் காத்திருங்கள். ஒன்றும் இல்லாத வாரம் வந்த பிறகு, மறுப்பை 15க்கு இறக்கி, மறுப்புச் செய்தியில் எங்கே தொடர்புகொள்வது என்ற வரியையும் சேர்த்து இயக்குங்கள்.